பர்கூர் பக்கம் எங்கள் கடைக்காலில் பாறைக்கு வெடி வைத்த ஒப்பந்ததாரர்: ஒரு வாடிக்கையாளரின் மதிப்பீடு

பர்கூர் அருகே எங்களுக்கு இருக்கும் இரண்டு ஏக்கர் மாந்தோப்பின் ஓரத்தில் வீடு கட்டக் கடைக்கால் தோண்டியபோது நான்காவது அடியிலேயே பாறை தட்டியது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. பொக்லைனில் பிரேக்கர் மாட்டி ஒரு நாள் முழுவதும் தட்டிப் பார்த்தோம். பாறையின் முதுகில் வெள்ளைத் தழும்புகள் விழுந்தன, மணி வாடகை ஏறியது, அவ்வளவுதான். துளைகளில் ஊற்றினால் ஊறி விரிந்து கல்லைப் பிளக்கும் ரசாயனக் கலவையையும் விசாரித்தோம். கடைக்காலுடன் தண்ணீர்த் தொட்டிக்கான பள்ளத்தையும் சேர்த்துக் கணக்கிட்டபோது அந்தச் செலவு கட்டுப்படியாகவில்லை. ஆகவே வெடி வைப்பதென்று முடிவாயிற்று.

முதலில் வந்தவர் உரிமம் இல்லாதவர். இருசக்கர வண்டியில் வந்து பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரே நாள்ல முடிச்சிடலாம் சார், பேப்பரெல்லாம் எதுக்கு?" என்று கேட்டு, பின்னால் வந்த உரிமதாரர் கேட்ட தொகையில் பாதியைச் சொன்னார். உரிமம் இல்லாமல் வெடிபொருளை வைத்திருப்பது 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டப்படி குற்றம். சட்டபூர்வமான காரணம் காட்ட முடியாத நிலையில் வெடிக்கும் பொருளைக் கையில் வைத்திருப்பவர்மீது 1908ஆம் ஆண்டின் வெடிக்கும் பொருள்கள் சட்டமும் கடுமையாகப் பாயும். என் நிலத்தில், என் செலவில், என் கண்ணெதிரில் நடக்கும் வேலைக்கு நானும் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் அவரை அனுப்பிவிட்டேன்.

அடுத்து வந்த உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரைப் பற்றியதே இந்த மதிப்பீடு. குறைகளையும் எழுதப்போவதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன்.

ஆவண விஷயத்தில் இவர்களிடம் குற்றம் காண முடியவில்லை. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ எனப்படும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு வழங்கிய உரிமம், வெடி வைப்பவரின் தகுதி அனுமதி, வெடிபொருள் ஏற்றிவரும் வண்டிக்கான தனி உரிமம் ஆகிய மூன்றையும் நான் கேட்பதற்கு முன்பே நகலெடுத்துக் கொடுத்தார்கள். காவல் நிலையத்துக்குக் கொடுத்த கடிதத்தின் நகலும் அவற்றோடு இருந்தது. இப்போது நடைமுறையில் உள்ளவை 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள். மருந்தை உரிமம் பெற்ற கிடங்கிலிருந்து எடுத்துவர வேண்டும், மருந்தை வெடிக்கத் தூண்டும் டெட்டனேட்டரையும் மருந்தையும் ஒன்றாகப் போட்டு வைக்கக் கூடாது, மிஞ்சியதை வேலையிடத்தில் விட்டுச் செல்லாமல் கிடங்குக்கே திருப்ப வேண்டும் என்பவற்றில் இவர்கள் துளியும் தளரவில்லை. மாலையில் மீதமிருந்த மருந்துக் குச்சிகளைப் பெட்டியிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாக எண்ணி ஏட்டில் எழுதி, அந்த எண்ணிக்கைக்கு நேரே கையெழுத்துப் போட்ட பிறகே வண்டியில் ஏற்றினார்கள். கூலியாட்கள் அதைக் கேலி செய்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

எங்கள் ஊர்க் கிணறுகளில் சிறு வயதில் நான் பார்த்த வெடி வேலைக்கும் இதற்கும் இன்னொரு வேறுபாடு உண்டு. அந்தக் காலத்தில் கேப் எனப்படும் மின்சார டெட்டனேட்டரிலிருந்து இரண்டு ஒயர்களை இழுத்துப் போய்ப் பேட்டரியில் தொட்டுத்தான் வெடிக்க வைப்பார்கள். வானம் இருண்டு மின்னல் வெட்டினால் கிணற்றடியே பதறும். இப்போது வந்தவர்களிடம் அந்த ஒயரே இல்லை. மின்சார டெட்டனேட்டர்களைத் தயாரிப்பதும், வைத்திருப்பதும், இறக்குமதி செய்வதும் 2025 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுவிட்டன. அதற்குப் பதிலாக, மின்சாரமே தேவைப்படாத, மெல்லிய பிளாஸ்டிக் குழாய் வழியே அதிர்வலையைக் கடத்தும் வகையைப் பயன்படுத்தினார்கள். நைட்ரோகிளிசரின் கலந்த பழைய மருந்துக்கு 2004இலேயே தடை வந்துவிட்டது. சட்டம் மாறுகிறது என்று செய்தித்தாளில் படிப்பது வேறு, அந்த மாற்றத்தை நம் வீட்டுப் பள்ளத்தின் விளிம்பில் மஞ்சள் குழாயாகப் பார்ப்பது வேறு.

வெடி வைப்பவர் ஐம்பது வயதைக் கடந்தவர், அதிகம் பேசாதவர். துளைக்குள் மருந்தை இறக்கிய பின் மேலே களிமண்ணை இட்டு மரக்கோலால் மட்டுமே மெதுவாக அழுத்தினார். பக்கத்தில் கிடந்த இரும்புக் கம்பியை எடுத்துக் கொடுக்கப் போன எங்கள் கொத்தனாரின் கையை அவர் தட்டிவிட்ட வேகத்தை மறக்க முடியாது. பிறகு மன்னிப்புக் கேட்பதுபோல், "இரும்பு ஆகாது தம்பி" என்று மட்டும் சொன்னார். பத்து நிமிடங்களுக்கு முன்பே கைச்சங்கைச் சுழற்றி ஒலியெழுப்பி, தார்ச்சாலையில் இரு பக்கமும் சிவப்புக் கொடியோடு ஆட்களை நிறுத்தி, மேய்ந்துகொண்டிருந்த இரண்டு எருமைகளையும் ஓட்டிவிட்ட பின்னரே உத்தரவு கொடுத்தார். வெடித்த பிறகும் புகை முழுவதும் அடங்கும்வரை எவரையும் விடாமல், தாம் மட்டும் முதலில் இறங்கி ஒவ்வொரு துளையாகப் பார்த்து, வெடிக்காமல் தங்கியது எதுவுமில்லை என்று உறுதி செய்துகொண்டு கையை உயர்த்தினார். இந்த ஒருவருக்காக மட்டும் என்றால் முழு மதிப்பெண்ணும் கொடுத்துவிடலாம்.

குறைந்த ஒன்றரை மதிப்பெண் எங்கே போயிற்று என்றால், பக்கத்து வீட்டில்தான் போயிற்று. எங்கள் பள்ளத்திலிருந்து சுமார் எழுபது மீட்டர் தொலைவில் மண்சுவரும் ஓட்டுக்கூரையும் கொண்ட பழைய வீடொன்று இருக்கிறது. அங்கே இருக்கும் பெரியம்மா தனியாக வாழ்பவர். காவல் நிலையம்வரை கடிதம் கொடுத்த நிறுவனம் இவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதல் நாள் பள்ளத்தின்மேல் மணல் மூட்டைகளையும் பழைய டயர்களையும் போட்டு மூடியிருந்தாலும் தெற்கு மூலையில் மூடல் போதவில்லை. எலுமிச்சம்பழ அளவுக் கல்லொன்று பறந்துபோய் அவர் வாசலில் காயப்போட்டிருந்த புளியின் நடுவே விழுந்தது. நல்லவேளையாக ஆள் இல்லை. கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தவர், "கண்ணு, நீ வீடு கட்டு, வேண்டாங்கல. எப்ப வெடிக்கும்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. சொல்லியிருக்க வேண்டியவர்களில் நானும் ஒருவன்.

இதில் ஒப்பந்ததாரரை மட்டும் குறை சொல்வது முறையாகாது. விதிகளின் அமைப்பே அப்படி இருக்கிறது. மருந்து யாரிடம் இருக்கிறது, எந்த வண்டியில் வருகிறது, எத்தனை குச்சி மிஞ்சியது என்பவற்றை விதிகள் உடும்புப்பிடியாகப் பிடித்திருக்கின்றன. பக்கத்துச் சுவரைப் பற்றிப் பேசும்போது அந்தப் பிடி தளர்கிறது. குவாரி என்றால், குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் குத்தகை தரக் கூடாது என்று தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் சொல்கின்றன. வீட்டுக் கடைக்கால் குவாரி ஆகாது. அரசுக் கட்டுமானம் என்றால், நான்கு பக்கமும் 200 மீட்டரில் சிவப்புக் கொடி நட வேண்டும் என்றும், அந்தத் தொலைவுக்குள் கட்டடம் இருந்தால் பொறுப்புப் பொறியாளரின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும் என்றும் மத்தியப் பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்பு கேட்கிறது. என் வீட்டு வேலைக்கு அப்படியொரு பொறியாளர் ஏது? எழுபது மீட்டரில் ஓட்டு வீடு இருக்கும்போது வெடி வைக்கலாமா என்பதை முடிவு செய்தவர்கள் நானும், என்னிடம் பணம் வாங்கிய ஒப்பந்ததாரரும்தான். இந்த இடைவெளியில் ஒரு நிறுவனம் எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்தே அதை எடைபோட வேண்டும்.

அந்தக் கல் விழுந்த பிறகு அவர்கள் நடந்துகொண்ட விதம் பரவாயில்லை. இரண்டாம் நாள் வேலையை நிறுத்தி, தடித்த ரப்பர் பெல்ட்டுகளைக் கொண்டுவந்து டயர்களின்மேல் விரித்தார்கள். ஒரே தடவையில் வைக்கும் துளைகளின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்தார்கள். பெரியம்மா வீட்டுச் சுவர்களில் முன்பே இருந்த விரிசல்களை அவரையே உடன் வைத்துக்கொண்டு நான் படம் எடுத்து, ஒவ்வொன்றின் நுனியிலும் பென்சிலால் கோடு போட்டு நாள் குறித்தேன். இதை நிறுவனமே முதல் நாளுக்கு முன் செய்திருக்க வேண்டும்.

தரை அதிர்வை அளக்கும் அதிர்வுமானியைக் கேட்டபோது முதலில் தயங்கி, பிறகு தனிக் கட்டணத்துக்குக் கொண்டுவந்தார்கள். சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம் 1997இல் வெளியிட்ட 7ஆம் எண் தொழில்நுட்பச் சுற்றறிக்கையின்படி, சுரங்க உரிமையாளருக்குச் சொந்தமில்லாத வீடுகளில் தரை அதிர்வின் வேகம் எட்டு ஹெர்ட்ஸுக்குக் (நொடிக்கு எட்டு அதிர்வுகளுக்குக்) குறைந்த அதிர்வெண்ணில் நொடிக்கு 5 மில்லிமீட்டரையும், எட்டிலிருந்து இருபத்தைந்துவரை 10 மில்லிமீட்டரையும், அதற்கு மேல் 15 மில்லிமீட்டரையும் தாண்டக் கூடாது. மண்சுவர் வீட்டின் அருகே எங்களுக்குக் கிடைத்த அளவு, மூன்று எல்லைகளில் மிகக் கடுமையானதற்கும் கீழேதான் இருந்தது. எண்ணைக் காட்டியபோது பெரியம்மா சிரித்துவிட்டு, தட்டுமுட்டுச் சாமான் ஆடியதைத் தாம் கேட்டதாகச் சொன்னார். அவர் சொன்னதும் உண்மைதான். சுவர் பிளக்கும் அளவுக்கு வெகு கீழேயே மனித உடல் அதிர்வை உணர்ந்துவிடும். மாம்பூ உதிர்ந்ததற்கும் வெடிதான் காரணம் என்று அவர் நம்புகிறார். அந்த வாரம் வீசிய காற்றை நான் எடுத்துச் சொன்னாலும் எடுபடவில்லை.

மற்றபடி, சொன்ன தேதிக்குப் பன்னிரண்டு நாள் தாமதமாக வந்தார்கள். முன்கூட்டியே தெரிவிக்காத போக்குவரத்துச் செலவொன்றும் ரசீதில் இருந்தது. பேசியபின் பாதியைக் கழித்தார்கள். பாறை வேண்டிய ஆழத்துக்குச் சீராக உடைந்தது. பக்கவாட்டில் தேவைக்கு மேல் பிளந்து கான்கிரீட் செலவை ஏற்றிவிடவில்லை.

வைகாசியில் கிணற்றை ஆழப்படுத்தும் வேலைக்கு மீண்டும் இவர்களையே அழைத்திருக்கிறேன். அதிர்வுமானிக் கட்டணம், ரப்பர் மூடல், வேலைக்கு முன் அக்கம்பக்கத்து வீடுகளைப் படம் எடுத்தல் ஆகிய மூன்றையும் விலைப்பட்டியலிலேயே எழுதி வாங்கியாயிற்று. நாள் குறித்ததும் முதலில் தம்மிடம் வந்து சொல்ல வேண்டும் என்று பெரியம்மா ஒப்பந்ததாரரிடம் நேரிலேயே சொல்லிவிட்டார்.