உப்புக் காற்றில் ஒரு சீ.ஆர்.இசட்: மூன்றரை ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

2021 செப்டெம்பரில், 2011ஆம் ஆண்டுத் தயாரிப்பான ஆறு கியர் மெனுவல் ஹொண்டா சீ.ஆர்.இசட் ஒன்றை, 91,000 கிலோமீற்றர் ஓடிய நிலையில் வாங்கினேன். இன்று மீற்றர் 149,000ஐக் காட்டுகிறது. இடைப்பட்ட மூன்றரை ஆண்டுகளில் அது ஞாயிற்றுக்கிழமைக் காராக ஒருநாளும் இருந்ததில்லை. திருகோணமலை உவர்மலையில் உள்ள வீட்டிலிருந்து குச்சவெளிக்கு வேலைக்குப் போய்வர நாளொன்றுக்கு ஏறத்தாழ 70 கிலோமீற்றர், கச்சான் காற்றடிக்கும் வெயிலிலும் மாரி மழையிலும், ஓடிக்கொண்டிருக்கிறது. பாவித்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, மாற்றங்கள் செய்து, அன்றாடம் ஓட்டலாமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: மாற்றங்களுக்கென்று நான் ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதி, முன்னைய உரிமையாளர் செய்திருந்த மாற்றங்களைக் கழற்றுவதற்கே போனது.

இந்தக் காரைத் தேர்ந்ததற்கு உணர்ச்சிக் காரணங்கள் இருந்தன என்பதை மறைக்கவில்லை. ஆயினும் கணக்கும் பார்த்தேன். குடியிருப்பு இல்லாத வீதிகளில் மணிக்கு 70 கிலோமீற்றரும் ஊருக்குள் 50 கிலோமீற்றரும் எல்லையாக இருக்கும் நாட்டில், நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை கத்த வேண்டிய இயந்திரத்தால் எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. மஸ்டா ஆர்.எக்ஸ்.8 ஒன்றையும் போய்ப் பார்த்தேன். அழகான கார்தான். ஆனால் சுழல் இயந்திரம் பெற்றோலைக் குடிப்பதோடு, தன் அமைப்பின்படியே இயந்திர எண்ணெயையும் சிறிது சிறிதாக எரிக்கும். மாதச் சம்பளக்காரனுக்கு அது சரிவராது. சீ.ஆர்.இசட் 2010 பெப்ரவரியில் ஜப்பானில் வெளிவந்த ஹைபிரிட். 1.5 லீற்றர் இயந்திரத்துக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே 10 கிலோவாற் மின்மோட்டார் ஒன்று தட்டுப்போல் செருகப்பட்டிருக்கிறது. இரண்டும் சேரும்போது மெனுவல் வகையில் 174 நியூட்டன் மீற்றர் இழுவிசை, 1,500 சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது. மின்னில் மட்டும் இந்தக் கார் ஓடாது. மோட்டார் பின்னால் நின்று தள்ளிவிடும், அவ்வளவுதான். ஆனால் சாம்பல்தீவுப் பாலம் தாண்டி வீதி வெறிச்சோடும் இடத்தில், மூன்றாம் கியரில் மெல்ல மிதிக்கும்போது முதுகில் படும் அந்தத் தள்ளல், சட்டத்துக்கு உட்பட்ட வேகத்திலேயே ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டும் சுகத்தைத் தந்துவிடுகிறது.

வாங்கிய காலம் நல்ல காலம் அல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து பாவித்த கார்களின் விலை கண்மண் தெரியாமல் ஏறியிருந்தது. பத்து ஆண்டு ஓடிய காருக்கு, அதைப் புதிதாக இறக்கியவர் கொடுத்ததைவிடக் கூடிய விலையை நான் கொடுத்தேன். மீற்றர் திருப்பப்படாத கார் அரிது என்பதால், பழைய சேவைப் பற்றுச்சீட்டுகளில் இருந்த கிலோமீற்றர்களை வரிசையாக எழுதிப் பார்த்தேன். கிளச் மிதியின் இறப்பர் தேய்ந்த அளவையும் ஸ்டியரிங் தோலின் மினுக்கத்தையும் அவற்றோடு ஒப்பிட்டேன். அவை பொருந்தின. இதனால் வந்த நம்பிக்கையில் பணத்தைக் கொடுத்துவிட்டு, அதன் பிறகே எங்கள் மெக்கானிக் அண்ணையிடம் காரைக் கொண்டுபோனேன். இந்த ஒழுங்கு தலைகீழானது என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். அண்ணை காரை உயர்த்தி, பின் சொக் அப்சோபர் பொருந்தும் இடத்தில் புதிதாக அடித்திருந்த கறுப்புப் பூச்சை ஸ்குரூட்ரைவர் முனையால் ஒருமுறை நெம்பினார். பூச்சு தோல் உரிந்ததுபோல் எழும்பி, அதன் பின்னால் இருந்த துரு அவருடைய உள்ளங்கையில் பொருபொருவென்று விழுந்தது. "தம்பி, மேல மினுங்குறத நம்பாதேங்கோ. காரை வாங்கேக்க கீழ படுத்துப் பாக்கோணும்," என்றார். அன்று நான் அணிந்திருந்த வெள்ளைச் சட்டையோடு அங்கேயே படுத்துப் பார்த்தேன். பார்த்து என்ன செய்ய, பணம் போய்விட்டது.

துருவைப் பற்றிச் சொல்லுமுன், காரின் தாழ்வைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முன்னைய உரிமையாளர் ஸ்பிரிங்குகளை அறுத்துக் காரைத் தாழ்த்தியிருந்தார். முன் பம்பரின் அடி உதட்டுக்கும் தரைக்கும் இடையில் நான்கு விரல் நுழையும், ஐந்தாவது நுழையாது. ஸ்பிரிங்கை அறுத்தால் சுருள் குறைந்து அது இறுகும். கார் தாழ்வதால் சொக் அசைவதற்கான இடமும் குறையும். இரண்டும் சேர, ஒவ்வொரு மதகிலும் சொக் அடித்தட்டில் முட்டி, அந்த அடி நேரே முதுகெலும்பில் இறங்கும். இதற்கு மேல் 17 அங்குல வீலும் 205/45 டயரும் போட்டிருந்தார். இந்தக் காருக்கு உரிய 195/55, 16 அங்குல டயரின் பக்கச்சுவர் 107 மில்லிமீற்றர் உயரம். 17 அங்குலத்தில் அது 92 ஆகிவிடுகிறது. 15 மில்லிமீற்றர் இறப்பர் என்பது தாளில் அற்பமாகத் தெரியும். நிலாவெளிக்கு அப்பால், மாரி கழிந்து குழி விழுந்த ஓரிடத்தில், ஒரே கிழமைக்குள் இரண்டு வீல்கள் நெளிந்தபோது அந்த அற்பத்தின் பெறுமதி விளங்கியது. மூன்றாம் மாதத்தில் ஸ்பிரிங், சொக், வீல் அனைத்தையும் கம்பனி அளவுக்கே திருப்பினேன். இதே இனத்து இன்சைட்டும் ஃபிட் ஹைபிரிட்டும் நாட்டில் நிறைய ஓடுவதால் கழற்றிய பாகங்கள் கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கின்றன. ஆனால் காரின் பெயரைச் சொன்னவுடன் விலை கூடும் என்பதால், பாகத்தைக் கையில் கொண்டுபோய்க் காட்டுவதே புத்தி. உயரம் திரும்பிய பிறகு வளைவுகளில் கார் சற்றுச் சாய்கிறது என்பது உண்மை. அந்தச் சாய்வில் எனக்கு ஒரு குறையுமில்லை. டயர் தரையை விட்டுத் துள்ளாததால், மேடுபள்ளமான வளைவில் இப்போதுதான் பிடிப்பு அதிகம்.

திறந்த கூம்பு வடிவக் காற்று வடிகட்டியையும் கழற்றினேன். இயந்திர அறையின் சூடான காற்றையும் கச்சான் கிளப்பும் புழுதியையும் சேர்த்து உறிஞ்சுவதைத் தவிர அது வேறொன்றும் செய்யவில்லை. பெரிய சத்தச் சைலன்சரை முழுவதும் மாற்ற மனம் வரவில்லை. 2,500 சுற்றில் அது எழுப்பிய முனகல், 70 கிலோமீற்றர் ஓட்டத்தில் தலைவலியாக மாறியபோது, நடுவே இன்னொரு பெட்டியை ஒட்டுவித்தேன். இப்போது அதிகாலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அயலவரின் நாய் குரைப்பதில்லை. நீல ஒளி பல்புகளை எடுத்துவிட்டுச் சாதாரண பல்புகளைப் போட்டு, உயரம் மாறியதற்கேற்ப ஒளியின் குறியையும் சரிசெய்தேன். வீதியில் படுத்திருக்கும் மாடுகள் மஞ்சள் ஒளியில்தான் எனக்கு முன்கூட்டியே தெரிகின்றன.

இனித் துரு. திருகோணமலை கிழக்கே கடலைப் பார்த்த ஊர். ஆகவே நிலத்திலிருந்து வீசும் கச்சான் வெக்கையையும் புழுதியையும் கொண்டுவரும், கடலிலிருந்து வீசும் வாடை உப்பைக் கொண்டுவரும். மார்கழிக் காலையில் முன் கண்ணாடியை விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். என் பாதையோ கடலை ஒட்டிப் போவது. இடையில் உப்பளமும் உண்டு. முதல் ஆண்டில் நான் செய்த பெரிய தவறு, வாரந்தோறும் காரின் அடிப்பாகத்தைக் கழுவியதுதான். கழுவியது தவறல்ல, தெரிந்தவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் கழுவியது தவறு. காய்ந்தபின் அச்சுத்தண்டின் மேல் வெண்படலம் பூத்திருந்ததைக் கண்ட பிறகே அந்தக் கிணறு உவர் என்பது உறைத்தது. எங்கள் குடியிருப்பின் பெயரிலேயே உவர் இருந்தும் இது எனக்குத் தோன்றவில்லை. இப்போது குழாய்த் தண்ணீர் மட்டும்.

அடிப்பூச்சு விடயத்தில் அண்ணைக்கும் எனக்கும் சிறு வாக்குவாதம் நடந்தது. தார் போன்ற தடித்த அன்டர்கோட்டை முழுவதும் அடித்துவிடலாம் என்றேன். துருவின் மேல் அதை அடித்தால், ஈரம் உள்ளே சிறைப்பட்டு, இரும்பு கண்ணுக்குத் தெரியாமல் தின்னப்படும் என்றார் அவர். அவர் ஏற்கெனவே ஸ்குரூட்ரைவரால் நெம்பிக் காட்டியதும் அதைத்தானே. ஆகவே கம்பித் தூரிகையால் வெற்றிரும்பு தெரியும்வரை தேய்த்து, துரு தடுக்கும் முதற்பூச்சு அடித்து, அதன்மேல்தான் அன்டர்கோட் போட்டோம். கதவின் அடி, பக்கச் சட்டம் போன்ற பொந்துகளுக்குள் மெழுகு கலந்த எண்ணெயை நீண்ட குழாயால் பீச்சினோம். பின் சொக் பொருந்தும் இடத்தில் தகடு வெட்டி ஒட்டவேண்டியிருந்தது. பிரேக் குழாய்களில் ஒன்றை மாற்றினோம். நான்கு நாள் வேலை. இந்தக் காருக்கு நான் செய்த செலவுகளில் ஒரு சதமேனும் வீண் என்று தோன்றாத செலவு இதுவொன்றே.

பற்றரியின் கதை நீளமானது. ஆரம்பகால சீ.ஆர்.இசட்டில் பின்தளத்தின் கீழே 84 நிக்கல் கலங்கள் வரிசையாகக் கோக்கப்பட்டு 100.8 வோல்ற் தருகின்றன. அவற்றின் நேர் மேலே சாய்ந்த பெரிய கண்ணாடிக் கதவு. வெயிலில் நிறுத்தினால் அது ஒரு வெதுப்பகம். பற்றரிக்கான விசிறி காருக்குள் இருக்கும் காற்றையே இழுப்பதால், வெந்த காருக்குள் ஏறி உடனே ஓட்டத் தொடங்கினால் பற்றரிக்கு வெந்த காற்றுத்தான் போகும். இது போதாதென்று 2022இன் எரிபொருள் தட்டுப்பாடு வந்தது. சீனக்குடாவில் பிரித்தானியர் காலத்து 99 எண்ணெய்க் குதங்களை வைத்துக்கொண்டிருக்கும் ஊரில், ஜூனிலும் ஜூலையிலும் கார் ஐந்து கிழமை பெற்றோல் இன்றி அசையாமல் நின்றது. நிக்கல் கலம் சும்மா இருந்தால் தானாகவே வடியும், அதுவும் எல்லாம் ஒரே அளவில் வடியாது. பிறகு பெற்றோலைப் பங்கிடும் கியூ.ஆர். முறை வந்து, காருக்கு வாரம் 20 லீற்றர் என்று ஆனபோது, லீற்றருக்கு 17 கிலோமீற்றர் என்ற இந்தக் காரின் சிக்கனம் என் வேலையைக் காப்பாற்றியது. வெள்ளி மாலை வீட்டுக்குள் திரும்பும்போது எரிபொருள் விளக்கு எரியும், ஆனால் வீடு வந்துவிடும்.

2023 மார்ச்சில் ஓர் இரவு, கொழும்பிலிருந்து திரும்பும்போது, ஹபரணையைத் தாண்டி யானை கடக்கும் பகுதியில், பற்றரி அளவுகோலின் கோடுகள் மளமளவென்று விழுந்து, ஹைபிரிட் அமைப்பின் கோளாற்றைக் காட்டும் ஐ.எம்.ஏ. விளக்கு எரிந்தது. இந்தக் காரில் ஒல்ரனேற்றர் கிடையாது. 12 வோல்ற் பற்றரிக்கும் மின்சாரம் இந்த ஹைபிரிட் அமைப்பின் வழியாகவே வருகிறது. குளிரூட்டியையும் வானொலியையும் நிறுத்தி, கந்தளாய் வெளிச்சம் தெரியும்வரை ஒருவரோடும் பேசாமல் ஓட்டினேன். பேசுவதற்குக் காரில் வேறு எவரும் இருக்கவுமில்லை.

கொழும்புக் கடை ஒன்றில், புதுப்பித்தது என்று சொல்லி விற்ற பற்றரித் தொகுதியை வாங்கிப் போட்டேன். ஏழு மாதத்தில் அதே விளக்கு. உத்தரவாதம் ஆறு மாதம். அதன்பின், இதை முதலிலேயே செய்திருக்கலாம் என்று சொல்லத்தக்க வேலையைக் கிண்ணியாவில் ஒரு நானா (முஸ்லிம் அண்ணை) செய்து தந்தார். பிரதான ஆளியை நிறுத்தி, உடனே கைவைக்காமல் தேநீர் குடித்துவிட்டு வந்து, பிறகுதான் மூடியைத் திறந்தார். 100 வோல்ற் நேர்மின்னோட்டம் விளையாட்டல்ல. கலக் கட்டுகளை மேசையில் பரப்பி, சோக்கட்டியால் இலக்கமிட்டு, ஒவ்வொன்றையும் நிரப்பி, பல்பு ஒன்றை எரியவிட்டு, எத்தனை நிமிடத்தில் ஒளி மங்குகிறது என்று கொப்பியில் எழுதினார். வரிசையில் ஒரு கலம் சோர்ந்தால் கணினி முழுத் தொகுதியையும் நிறுத்திவிடும் என்பதை அந்த மங்கும் பல்பைப் பார்த்தே நான் புரிந்துகொண்டேன். "தம்பி, இது மௌத்தான (செத்த) பற்றரி இல்ல, களச்சுப்போன பற்றரி," என்றார். என் பழைய தொகுதியிலிருந்தும் கொழும்புத் தொகுதியிலிருந்தும் நல்லவற்றைப் பொறுக்கி ஒன்றாக்கினார். விசிறியில் இருந்து அவர் எடுத்த தூசு ஒரு தேங்காய்ச் சிரட்டையை நிரப்பியது. ஒன்றரை ஆண்டாகிறது, விளக்கு எரியவில்லை. பின் கண்ணாடிக்கு வெயில் மறைப்பு, ஏறியதும் இரண்டு நிமிடம் கண்ணாடி இறக்கி ஓட்டுதல், ஆண்டுக்கொரு முறை விசிறி துப்புரவு: இவை என் பங்குக்கு நான் செய்பவை.

அன்றாட வசதியைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகமில்லை. பின்னிருக்கை பெயருக்குத்தான், கோயிலுக்குப் போகும்போது பூத்தட்டு வைக்கலாம். "இது காரோ கிணறோ? இறங்கத் தெரியுது, ஏறத் தெரியேல்லை," என்று அம்மா முதல்நாளே சொல்லிவிட்டார்; அதன் பின் அவர் கோணேசர் கோயிலுக்கு முச்சக்கரவண்டியில்தான் போகிறார். பின்பார்வையைக் குறுக்கே வெட்டும் சட்டம் ஒன்று உள்ளது. பின்னோக்குக் கமரா பொருத்தாமல் இந்தக் காரை ஊருக்குள் ஓட்டவேண்டாம். சிக்னலில் இயந்திரம் தானாக நிற்கும்போது குளிரூட்டியும் குளிர்வதை நிறுத்துவதால், சித்திரை மாதத்தில் அந்த வசதியை நான் விரும்புவதில்லை. பெற்றோல் 92 ஒக்டேன் போதும். கடற்கரை வீதியில் 16 முதல் 17, கொழும்புப் பயணத்தில் 19, நகருக்குள் 12 கிலோமீற்றர் கிடைக்கிறது. ஜப்பானியப் பட்டியலில் உள்ள 22.5ஐ நான் ஒருநாளும் கண்டதில்லை.

2025 பெப்ரவரியில் இறக்குமதி மீண்டும் திறந்த பின், நல்ல விலை இருக்கும்போதே விற்றுவிடு என்று மைத்துனர் இருமுறை சொல்லிவிட்டார். இப்போதைக்கு விற்க முடியாது. கிளச் வழுக்கத் தொடங்கியிருக்கிறது. ஐந்தாம் கியரில் ஏற்றத்தில் மிதித்தால் சுற்று ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. கியர் பெட்டியை இறக்கும்போது நடுவில் உள்ள மின்மோட்டாரின் காந்தம் கருவிகளை இழுக்கும் என்பதால் எவரிடமும் கொடுக்கும் வேலையல்ல இது. கிளச் தட்டு வந்து சாமியறை மேசையடியில் பெட்டியோடு இருக்கிறது. நோன்புப் பெருநாள் முடியட்டும், பிறகு இறக்கலாம் என்று நானா சொல்லியிருக்கிறார். அதுவரை உவர்மலை ஏற்றத்தை இரண்டாம் கியரில் மெதுவாக ஏறிக்கொண்டிருக்கிறேன்.