கேஸ் கட்டும் ஸ்கேனரும்: மதுரை சிவில் வேலையில் நெடுநாள் பயன்பாடு

வழக்குகளை இணையத்தில் தாக்கல் செய்யும் இ-ஃபைலிங் வந்தபின் வக்கீலைவிட அதிகம் மாறியது குமாஸ்தாவின் நாள்தான். ஜெராக்ஸ் கடைக்கு அலைவது குறைந்து, ஸ்கேனர் முன் உட்காருவது கூடிவிட்டது.

ஸ்கேனுக்கு 300 டிபிஐ தெளிவு போதும். வழக்குரையைக் கருப்பு-வெள்ளையில் எடுக்கலாம். பழைய பத்திரத்தை அப்படி எடுக்கக் கூடாது. அந்த முறையில் ஒவ்வொரு புள்ளியும் கருப்பு அல்லது வெள்ளை என்று தீர்மானமாகிவிடும். மங்கிய ஊதா முத்திரையும் கைரேகையும் மறையும், முத்திரைத்தாளின் நிறம் திட்டுத் திட்டாக விழும். சாம்பல் சாயல்களையும் பிடிக்கும் கிரேஸ்கேலில் கோப்பு பெரிதானாலும் அதுதான் சரி. முத்திரைத்தாள் ஏ4-ஐவிட நீளம். அளவை லீகலுக்கு மாற்றாவிட்டால் அடியில் இருக்கும் கையெழுத்து வெட்டுப்படும். வக்காலத்தில் சேமநல நிதி ஸ்டாம்பை ஒட்டியபின் ஸ்கேன் செய்யுங்கள். வரிசை மாறினால் கோர்ட்டிலிருந்து ரிட்டர்ன் வரும்.

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த வழக்குரை கண்ணுக்குத் தமிழ். பிடிஎஃபில் ஒரு பெயரைத் தேடினால் கிடைக்காது, நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பை. உள்ளே இருப்பது ஆங்கிலக் குறியீடு, தமிழ் வெறும் தோற்றம். யூனிகோடுக்கு மாற்றியதும் கொம்பும் காலும் இடம் மாறியிருக்கிறதா என்று கெ, கொ எழுத்துகளைப் பாருங்கள்.

ஏஐ மொழிபெயர்ப்பில் நேரம் மிச்சம், ஆபத்தும் அங்கேதான். ஒத்தக்கடையில் உள்ள உயர்நீதிமன்றக் கிளைக்குப் போகும் டைப்டு செட்டுக்காக (தட்டச்சு செய்த ஆவணத் தொகுப்பு) பத்திரத்தை ஆங்கிலமாக்கும்போது நான்கு மாலில், அதாவது சொத்தின் நான்கு எல்லைகளில், கண் வையுங்கள். ‘பொதுப்பாதைக்குக் கிழக்கு, கண்மாய்க் கரைக்கு வடக்கு’ என்றால் பாதை சொத்துக்கு மேற்கே, கரை தெற்கே. இயந்திரம் கிழக்கெல்லை பாதை, வடக்கெல்லை கரை என்று புரட்டிப் போட்டுவிடும். வாக்கியம் பிழையில்லாமல் இருப்பதால் ஜூனியர் கண்ணில் படாது. இடத்தைப் பார்க்க கோர்ட் அனுப்பும் கமிஷனரின் வரைபடம் வந்தபின்தான் முட்டும். சொத்தில் உள்ள உரிமையை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை, யாரையோ சிறையிலிருந்து விடுவித்த கணக்கில் பெயர்த்திருப்பதும் உண்டு, அது சிரிப்போடு போகும். பட்டாவின் பரப்பளவில் புள்ளி நழுவினால் சிரிக்க முடியாது. ஒரு ஏர் 2.47 செண்ட், 46 ஏர் என்றால் ஏறத்தாழ 1 ஏக்கர் 14 செண்ட் வர வேண்டும். பெருக்கிப் பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஏஐ தரும் உச்சநீதிமன்றத் தீர்ப்பு மேற்கோளை அதன் இணையத் தீர்ப்புத் தொகுப்பான இ-எஸ்சிஆரில் திறந்து படிக்காமல் மனுவில் ஏற்றாதீர்கள். நியூயார்க்கில் 2023-ல் இல்லாத தீர்ப்புகளைக் காட்டியதற்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது.

கட்சிக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படம் சுருக்கப்பட்டது. அதன் ஹேஷ் (கோப்பின் கைரேகை போன்ற குறியீடு) மூலப்படத்தின் ஹேஷோடு பொருந்தாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமம் என்ற சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63-ன்படி மின்னணு ஆவணத்துக்குத் தரும் சான்றிதழில் ஹேஷ் எழுத வேண்டும் என்பதால், எடுத்த போனையே வரவழைத்து யூஎஸ்பி வழியாகக் கோப்பை எடுப்பது நல்லது. சான்றிதழில் ‘ஆ’ பகுதி நிபுணருடையது. அந்தக் கையெழுத்தைக் கடைசி நாளுக்கு விடக் கூடாது.

வாய்தாவுக்கு இ-கோர்ட்ஸ் செயலி வசதி. ஒவ்வொரு வழக்குக்கும் உரிய 16 இலக்க சிஎன்ஆர் எண்ணைக் கட்டின் மேலட்டையில் எழுதிவிட்டால் தேடும் வேலை இல்லை. ஆனால் கோர்ட் ஊழியர் ஏற்றினால்தான் தேதி மாறும், சில நாள் மாலை வரை பழைய தேதியே நிற்கும். டைரியை இன்னும் யாரும் தூக்கிப் போடவில்லை.