பொத்தானா, பிரேக் மிதியா?

இருட்டத் தொடங்கியதும், இரண்டு வண்டிகள் நேர்கோட்டில் போட்டிபோடும் டிராக் ரேஸ் (drag race) ஓடுதளத்தின் குணமே மாறிவிடும். பகலில் டயரை ஒட்டிப் பிடித்த பசைப்பூச்சு குளிர்ந்து இறுகிவிடும். குளிர்ந்த காற்றோ அடர்த்தியாகி எஞ்சினுக்குத் தெம்பூட்டும். தெம்பு கூடிய நேரத்தில் பிடிப்பு குறைந்தால், சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். வண்டி தாமதமாகக் கிளம்பும்.

அமெரிக்காவின் உள்ளூர் பிராக்கெட் பந்தயங்களில் இந்தத் தாமதம் ஆளையே கவிழ்த்துவிடும். அங்கே ஓட்டுநர் தன் வண்டி எத்தனை நொடியில் ஓடும் என்று முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். இருவரும் கொடுத்த நேரத்தின் வித்தியாசப்படி மெதுவான வண்டி முதலில் புறப்படும். 12.00 என்று சொன்னவர் அச்சுப் பிசகாமல் 12.00-இல் ஓடி முடிக்கிறார். பச்சை விளக்குக்குப் பிறகு கிளம்ப அவர் எடுத்தது 0.050 நொடி. எதிராளி 10.50 சொல்லி 10.53-இல் ஓடுகிறார், ஆனால் 0.010-இல் கிளம்பிவிட்டார். கிளம்பிய தாமதத்தையும் சொன்ன நேரத்துக்கு மேல் எடுத்ததையும் கூட்டினால் இவருக்கு 0.050, எதிராளிக்கு 0.040. வெற்றி எதிராளிக்கு. வித்தியாசம் நொடியில் நூறில் ஒரு பங்கு, மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு முழத்துக்குச் சற்றே குறைவு.

கிறிஸ்துமஸ் மரம் என்று அழைக்கப்படும் விளக்குக் கம்பத்தில் மூன்று மஞ்சள் விளக்குகள் அரை நொடி இடைவெளியில் ஒவ்வொன்றாக எரியும். அடுத்த அரை நொடியில் பச்சை. இதைச் சமாளிக்க இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி டிலே பாக்ஸ் என்ற தாமதப் பெட்டி. முதல் மஞ்சளைக் கண்டதும் ஓட்டுநர் பொத்தானை விடுகிறார். பெட்டி, முன்பே பதித்த ஒரு நொடிச் சொச்சம் காத்திருந்து, கியர்பெட்டியைப் பூட்டி வைத்திருக்கும் டிரான்ஸ்பிரேக்கை விடுவிக்கிறது. இரண்டாவது வழி கால் பிரேக். இடக்கால் பிரேக்கில், வலக்கால் ஆக்சிலரேட்டரில்; கடைசி மஞ்சள் பளிச்சிடும்போது இடக்கால் மேலே வரும்.

மனிதக் கண்ணையும் கையையும் மட்டும் கணக்கில் எடுத்தால் பெட்டிக்கே வெற்றி. முதல் மஞ்சள் எப்போது எரியும் என்று துல்லியமாக ஊகிக்க முடியாது. எனவே அவசரம் உள்ளே புகுவதில்லை. கால் பிரேக்காரர் இரண்டு விளக்குகள் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்; மூன்றாவதற்குள் கால் துடிக்கும். இரவில் விளக்கு பிரகாசமாகத் தெரிவதால் பலரும் பச்சைக்கு முன்பே கிளம்பிச் சிவப்பு விளக்கு வாங்கித் தோற்கிறார்கள். பெட்டிக்காரர் நொடியில் ஆயிரத்தில் சில பங்குகளைக் கூட்டிப் பதித்துவிடுவார். மற்றவர் தன் காலோடுதான் பேச்சுவார்த்தை நடத்த வேண்டும்.

தளம் கெடும்போதுதான் கதை திரும்புகிறது. டிரான்ஸ்பிரேக் வண்டி எஞ்சினை உச்சத்தில் முறுக்கிப் பிடித்துச் சட்டென்று விடுவதால், பின் டயருக்கு விழும் அடி பெரியது. பசை இறுகிய தளத்தில் அந்த அடி சுழற்சியாக வீணாகும். ஒருமுறை சுழன்று 15 மில்லி நொடி தாமதமானதே என்று பெட்டியில் அதைக் கழித்துவிட்டால், அடுத்த முறை டயர் நன்றாகப் பிடித்துச் சிவப்பு எரியலாம். எஞ்சின் சுற்றைக் குறைத்தால் கிளம்பும் நேரமே மாறிவிடும். பெட்டிக் கணக்கை மீண்டும் போட வேண்டும். நாக் அவுட் சுற்றில் ஒத்திகை ஓட்டத்துக்கு ஏது இடம்?

கால் பிரேக் வண்டியில் பிரேக் தாங்கும் அளவுக்கு மேல் எஞ்சினை முறுக்கவே முடியாது. வெயில் நேரத்தில் குறைபாடாகத் தெரிந்த இதே மென்மை, குளிர்ந்த தளத்தில் காப்பாற்றுகிறது. கிளம்புவது மந்தமானால், முன் சக்கரத்தைத் தொடக்கக் கோட்டின் ஒளிக்கற்றைக்குள் இன்னும் சற்று ஆழமாக நகர்த்தி நிறுத்துவார். சக்கரம் கற்றையை விட்டு வெளியேறும்போதுதான் வண்டி கிளம்பியதாகக் கணக்கு; அந்தத் தூரம் இப்போது குறையும். கடிகாரம் ஓடத் தொடங்குவதற்கு முன் கிடைக்கும் உருளல் குறைவதால், ஓட்ட நேரம் லேசாகக் கூடும். எழுதிக் கொடுக்கும் நேரத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.

பகல் முழுதும் தளம் ஒரே மாதிரி இருந்தால் என் பணத்தைப் பெட்டிக்காரர் மேல்தான் வைப்பேன். இரவு இறுதிச் சுற்று என்றால் கால் பிரேக். பெட்டிக்கு அனுமதி உள்ள வகுப்புகளில் இருவரும் எதிரெதிரே நிற்கும் சுற்றும் வரும். அப்போது நான் விளக்கைப் பார்ப்பதில்லை. பெட்டிக்காரர் வண்டியின் பின் டயருடைய பக்கவாட்டு ரப்பர் எப்படிச் சுருங்குகிறது என்பதைத்தான் பார்ப்பேன்.