சாயர் ஸ்குவீஸ் வாட்டர் ஃபில்டர்: மலை ஓடைக்கு நம்பி எடுத்துப் போகலாம், நம்ம ஊர் போர் தண்ணிக்கு வேண்டாம்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து மலைகளான வத்தல்மலை, சித்தேரி, மேலகிரி என்று நடந்து பழகியவர்களுக்கு அடுத்த ஆசை நீள நடை. இமயமலையில் பல வாரம் நடப்பது, இல்லாவிட்டால் அமெரிக்காவின் பசிபிக் கிரெஸ்ட் டிரெயில் போல ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து முடிப்பது. கிளம்புகிறவர்கள் முதலில் விசாரிப்பது ஷூ, பிறகு பை, பிறகு கூடாரம். தண்ணீர்ப் பேச்சு கடைசியில்தான் வரும். ஆனால் வேகமாக நடக்கிறவரின் நாளை மணிக்கு மணி தீர்மானிப்பது தண்ணீர். எங்கே நிற்பது, எவ்வளவு சுமப்பது, எத்தனை நிமிடம் போகும் என்பதெல்லாம் அதைப் பொறுத்தவை. அதனால் இந்தச் சின்ன ஃபில்டரைப் பற்றி விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

பொருள் எளிமையானது. உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் உருளை, எடை சுமார் 85 கிராம். உள்ளே நூல் போன்ற நுண்குழாய்கள் ‘ப’ வடிவில் மடித்துக் கட்டாகச் செருகப்பட்டிருக்கும். குழாய்ச் சுவரில் உள்ள துளைகள் 0.1 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அழுக்குத் தண்ணீரைப் பையில் பிடித்து, ஃபில்டரைத் திருகி, பையை அமுக்கினால் மறுபக்கம் குடிதண்ணீர் வரும். பேட்டரி, பம்பு, கெமிக்கல் எதுவும் கிடையாது. காலரா, டைபாய்டு போன்ற பாக்டீரியாக் கிருமிகளும், சீதபேதிக்குக் காரணமான அமீபாவும், வயிற்றுப்போக்கு தரும் ஜியார்டியாவும், குளோரினுக்கே சாகாத கிரிப்டோஸ்போரிடியமும் அந்தத் துளையில் நுழைய முடியாது. இந்த ஒரு வேலையை இது உண்மையிலேயே நன்றாகச் செய்கிறது.

இனி நேரக் கணக்கு. பசிபிக் கிரெஸ்ட் டிரெயில் சுமார் 4,265 கி.மீ. பெரும்பாலோர் ஐந்து மாதம் எடுத்துக்கொள்வார்கள். நூறு நாளில் முடிக்க நினைப்பவர் தினம் சராசரியாக 43 கி.மீ. நடக்க வேண்டும். (உதவிக் குழுவோடு ஓடிய பெல்ஜியத்துக்காரர் கரேல் சாபே 2023இல் 46 நாள் 12 மணி 50 நிமிடத்தில் முடித்தார். அது வேறு உலகம்.) ஏற்றமும் இறக்கமும் சேர்த்து மணிக்கு 4 கி.மீ. என்று வைத்தால், கால் நகரும் நேரம் மட்டும் கிட்டத்தட்ட 11 மணி. தினம் 6 லிட்டர் வடிகட்ட வேண்டியிருக்கும். கம்பெனி நிமிடத்துக்கு 1.7 லிட்டர் என்கிறது. கையால் அமுக்கும்போது, சுத்தமான ஃபில்டரில் லிட்டருக்கு ஒரு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடைத்துப்போனால் ஐந்து நிமிடம். ஒரு நாளுக்கு 24 நிமிடம் நஷ்டம், நூறு நாளில் 40 மணி நேரம். மூன்றரை நாளைக்கு மேற்பட்ட நடை அந்த அடைப்பிலேயே போய்விடும். இது போதாதென்று, பொறுமையிழந்து பையை முறுக்கிப் பிழிவார்கள், கழுத்துப் பக்கம் பை கிழியும்.

ஆகவே சுத்தம் செய்வது எப்படி என்பதுதான் இந்த மதிப்புரையின் முக்கியப் பகுதி. கூட வரும் பெரிய சிரிஞ்சில் வடிகட்டிய நல்ல தண்ணீரை மட்டும் எடுக்கவும். ஓடைத் தண்ணீரை எடுத்தால் சுத்தமான பக்கத்தை நீங்களே அசுத்தமாக்குகிறீர்கள். சிரிஞ்சு முனையைத் தண்ணீர் வெளிவரும் வாயில் இறுக்கமாக அழுத்தி, ஒரே வீச்சில் வேகமாகத் தள்ளவும். மெதுவாகத் தள்ளினால் பயனில்லை. தண்ணீர் ஏற்கெனவே திறந்திருக்கும் குழாய்கள் வழியாகச் சுலபமாக ஓடிவிடும், அடைத்தவை அடைத்தபடியே இருக்கும். திடீர் அழுத்தம் தந்தால்தான் அவை திறக்கும். முதல் தள்ளலில் டீ நிறத்தில் கலங்கல் வரும். இடையிடையே ஃபில்டரை உள்ளங்கையில் நாலு தட்டுத் தட்டி மறுபடி தள்ளவும். ஐந்தாறு முறைக்குள் தெளிந்துவிடும். இதைத் தினம் மாலை, தங்கும் இடம் சேர்ந்ததும் செய்வது நல்லது. வேகம் குறைந்த பிறகு செய்யலாம் என்று விட்டால் அழுக்கு இறுகிவிடும்.

சிரிஞ்சைச் சுமக்க மனமில்லாதவர்கள், இழுத்துத் திறக்கும் மூடி உள்ள பாட்டிலை அதே வாயில் வைத்து அமுக்குவார்கள். வேலை நடக்கும், ஆனால் அழுத்தம் குறைவு. நடுவழியில் சிரிஞ்சு தொலைந்தால் மெடிக்கல் ஷாப்பில் 50 மி.லி. சிரிஞ்சு கேட்டு வாங்கி, முனையில் சிறு ரப்பர் குழாய்த் துண்டு செருகிச் சமாளிக்கலாம்.

நாளின் ஓட்டத்தில் இது எங்கே பொருந்துகிறது? விடியலுக்கு முன் எழுந்ததும் அரை லிட்டர் குடித்துவிட்டு நடக்கத் தொடங்க வேண்டும். ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ சுமை, அதனால் வயிற்றில் சுமப்பதுதான் லாபம். ஓடை வந்ததும் பையை நிரப்பி, அங்கேயே அரை முதல் ஒரு லிட்டர் வரை குடித்து, அடுத்த ஓடை வரைக்கும் வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு நகர வேண்டும். மிதமான வெயிலில் மணிக்கு அரை லிட்டர், கடும் ஏற்றத்திலும் உச்சி வெயிலிலும் அதைவிடக் கூடுதல். ஓடைகள் 8 கி.மீ.க்கு ஒன்று என இருந்தால் ஒரு லிட்டர் போதும். பசிபிக் கிரெஸ்ட் டிரெயிலின் தெற்குக் கலிபோர்னியாப் பகுதியில் 30 கி.மீ.க்கு மேல் தண்ணீரே இல்லாத நீட்சிகள் உண்டு. அங்கே ஐந்தாறு லிட்டர் சுமக்காமல் முடியாது. மாலையில் 2 லிட்டர்ப் பையைக் கிளையில் தலைகீழாகத் தொங்கவிட்டால், கூடாரம் அடிப்பதற்குள் அதுவே சொட்டி நிரம்பிவிடும். அமுக்கத் தேவையில்லை. உப்பு-சர்க்கரைக் கரைசலை மட்டும் எப்போதும் வடிகட்டிய பிறகுள்ள பாட்டிலில் கலக்கவும். அழுக்குப் பையில் கலந்தால் பிசுக்கு ஃபில்டரில் ஏறும்.

பையை நிரப்புவதும் ஒரு கலை. ஓடுகிற தண்ணீரில் சுலபம், தேங்கிய சுனையில் பை ஒட்டிக்கொண்டு நிரம்பாது. பழைய பாட்டிலின் அடிப்பாதியை வெட்டிக் கொட்டாங்குச்சி போலக் கூட வைத்திருந்தால் மொண்டு ஊற்றலாம். எடை ஒன்றுமில்லை. மேலகிரிப் பக்கம் போகிறவர்களுக்கு இது பாதுகாப்பு விஷயமும்கூட. வனத்துறை அனுமதியோடு, வழிகாட்டியோடு போனாலும், யானை இறங்கும் குட்டையில் உட்கார்ந்து நிதானமாகப் பிழிந்துகொண்டிருக்கக் கூடாது. மொண்டு நிரப்பி மூடி, வழிகாட்டி காட்டும் இடத்துக்கு நகர்ந்த பிறகு வடிகட்டுங்கள்.

கூட வரும் பை கிழிந்தால் என்ன செய்வது? ஃபில்டரின் திருகு 28 மி.மீ. அளவு. கோலா, செவன் அப் மாதிரி கேஸ் டிரிங்க் பாட்டில்கள் பெரும்பாலும் பொருந்தும். வாட்டர் பாட்டில்கள் பலவற்றுக்குக் கழுத்து வேறு மாதிரி. மரை ஏறியதுபோல் தெரிந்தும் கசியும். ஃபில்டரைக் கடைக்கே கொண்டுபோய்த் திருகிப் பார்த்து வாங்குவது ஒன்றே வழி.

கசிவு என்றதும் வாஷரைச் சொல்லியாக வேண்டும். திருகு வாயின் உள்ளே ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். அது நசுங்கினாலோ, பையைக் கழற்றும்போது விழுந்துவிட்டாலோ, அழுக்குத் தண்ணீர் மரை வழியாகக் கசிந்து ஃபில்டரின் வெளிப்பக்கமாக வழிந்து சுத்தமான பாட்டிலுக்குள் சொட்டும். ஃபில்டர் சரியாக வேலை செய்யும், வயிறு மட்டும் கெடும், காரணம் புரியாது. திருகும் ஒவ்வொரு முறையும் உள்ளே ஒரு பார்வை பாருங்கள். அதிகம் முறுக்காதீர்கள். தோட்டக் குழாய் இணைப்பில் போடும் வாஷரே அளவு ஒத்துப்போகும். ஹார்டுவேர் கடையில் ஃபில்டரைக் காட்டிக் கேட்டு இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

உறைபனி இதன் பெரிய எதிரி. நனைந்த ஃபில்டர் ஒரு தடவை உறைந்தாலும் உள்ளிருக்கும் தண்ணீர் விரிந்து குழாய்கள் வெடிக்கலாம். வெளியில் பார்க்க ஒன்றும் தெரியாது, தண்ணீரும் முன்னைவிட வேகமாக வரலாம். கிருமியும் அதோடு வரும். வீட்டில் சோதித்து உறுதிசெய்ய நம்பத்தகுந்த வழியில்லை, தூக்கிப் போட வேண்டியதுதான். வத்தல்மலைக் குளிரில் இந்தக் கவலை இல்லை. இமயமலையில் இரவு முழுக்க ஜிப் கவரில் போட்டு ஸ்லீப்பிங் பேக்குக்குள் உடம்போடு வைத்துக்கொள்ளவும். விடியற்காலை நடையில் சட்டைக்குள் வைக்கவும்.

வைரஸை இது நிறுத்தாது. மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ, ஈ வைரஸ்கள் இந்தத் துளையைவிடச் சிறியவை. அமெரிக்காவின் உயர்மலை ஓடைகளில் மனிதக் கழிவு கலப்பது குறைவு, அதனால் அங்கே பெரும்பாலோர் ஃபில்டரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நம் நாட்டில் மலைக்கிராமத்துக்குக் கீழே ஓடும் தண்ணீருக்கு அந்தத் தைரியம் வேண்டாம். வடிகட்டிய பிறகு குளோரின் மாத்திரை போட்டு, அட்டையில் சொன்ன நேரம் காத்திருங்கள். இல்லாவிட்டால் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள், 2,000 மீட்டருக்கு மேலே மூன்று நிமிடம். எலிக்காய்ச்சல் கிருமி பாக்டீரியாதான் என்றாலும் மிக மெலிந்த சுருள் வடிவம், 0.2 மைக்ரான் துளையையே கடந்துவிடும். மழைக்காலத்தில் வயலோரத் தண்ணீருக்கு இதையும் நினைவில் வையுங்கள்.

நம்ம மாவட்டக்காரர்கள் கவனிக்க வேண்டியது இதுதான். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு பிரச்சினை ஊரறிந்த விஷயம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே, ஜப்பான் கடனுதவியோடு, அதற்காகத்தான் கொண்டுவரப்பட்டது. 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மி.கி. வரை இருக்கலாம், வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். ஃப்ளோரைடு தண்ணீரில் கரைந்த அயனி, இந்த ஃபில்டரின் துளையைவிட நூறு மடங்குக்கும் மேல் சிறியது. சாயர் ஸ்குவீஸ் அதில் ஒரு துளியைக்கூடக் குறைக்காது. கொதிக்க வைத்தாலும் போகாது, நீர் ஆவியாகி மிச்சத்தில் அடர்த்திதான் கூடும். அதற்கு ஆர்.ஓ. அல்லது ஃப்ளோரைடை ஈர்த்துப் பிடிக்கும் ஆக்டிவேட்டட் அலுமினா ஃபில்டர் வேண்டும். மலையடிவாரத்தில் நடக்கும்போது கைப்பம்பில் பிடித்து இதில் வடிகட்டிவிட்டோம் என்று தெம்பாக இருக்க வேண்டாம். ஓடை, சுனைத் தண்ணீர் அல்லது ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் கிடைத்தால் அதை எடுங்கள். கைப்பம்புத் தண்ணீரை ஒருநாள் குடித்ததால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் இந்த ஃபில்டரை வீட்டில் மாட்டிக் குழந்தைகளுக்கு வருஷக்கணக்கில் போர் தண்ணி கொடுத்தால், பல்லில் கறை விழும், எலும்பும் பாதிக்கப்படும்.

தொழிற்சாலைக் கழிவும் அப்படியே. ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நுரை தள்ளுவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். அந்த ரசாயனமும், மாந்தோப்பில் அடித்த மருந்து வழிந்து வந்த வாய்க்கால் தண்ணீரும் இதில் மாறாது.

கலங்கல் தண்ணீர் வேறு கதை. கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் குவாரித் தூள் கலந்த குட்டை நீர் ஃபில்டரைச் சீக்கிரம் அடைக்கும். பழைய வேட்டித் துணியை நாலாக மடித்து முதலில் வடிகட்டுங்கள். இரவு தங்குவதாக இருந்தால் தேத்தாங்கொட்டையைப் பாத்திரத்தின் உள்பக்கம் தேய்த்துத் தண்ணீர் ஊற்றி வையுங்கள், காலையில் மண் அடியில் படிந்திருக்கும். பாட்டிமார் செய்ததுதான், அறிவியலும் ஒத்துக்கொள்கிறது. மேல்தெளிவை மட்டும் ஃபில்டருக்கு ஊற்றவும். நம்ம ஊர் உப்புத் தண்ணீரில் அடிக்கடி பயன்படுத்தியதில் வேகம் செத்துவிட்டால், அது சுண்ணாம்புப் படிவு. வெதுவெதுப்பான வினிகரில் அரை மணி ஊறவைத்து, பிறகு சிரிஞ்சில் அடித்துக் கழுவினால் பெரும்பாலும் உயிர் திரும்பும்.

மாற்று என்று பார்த்தால், கட்டடின் (Katadyn) கம்பெனியின் பிஃப்ரீ ஃபில்டர் இன்னும் லேசு, வேகமும் கூடுதல், குலுக்கினாலே சுத்தமாகும். ஆனால் அதன் ஆயுள் 1,000 லிட்டர்தான் என்கிறது அந்தக் கம்பெனியே, கழுத்தும் 42 மி.மீ., வழியில் கிடைக்கும் பாட்டில் எதுவும் பொருந்தாது. சாயரிலேயே மினி என்ற சின்னது உண்டு. எடை கொஞ்சம் மிச்சம், வேகமோ பாதி. தினம் 40 கி.மீ. நடப்பவருக்கு அது வேண்டவே வேண்டாம்.

இறக்குமதிப் பொருள் என்பதால் விலை கடைக்குக் கடை மாறும். ஆன்லைனிலோ பெங்களூரு போய்ப் பார்த்தோ வாங்கும்போது பெட்டியில் சிரிஞ்சும் வாஷரும் இருக்கின்றனவா என்று திறந்து பாருங்கள். பை கூடுதலாக ஒன்று வாங்கிவிடுங்கள். நடை முடிந்து எடுத்து வைக்குமுன் நன்றாக அடித்துக் கழுவி, வாசனை சேர்க்காத பிளீச்சிங் திரவம் ஒரு மூடி ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து ஓடவிட்டு, தண்ணீரை உதறி நிழலில் காயவிடவும். மாதக்கணக்கில் சும்மா கிடந்து காய்ந்த ஃபில்டரில் முதலில் தண்ணீர் இறங்கவே இறங்காது. கெட்டுப்போயிற்று என்று நினைக்க வேண்டாம். கிளம்புவதற்கு முதல் நாள் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டு, சிரிஞ்சில் நாலு தடவை அடித்துவிட்டுப் பையில் வையுங்கள்.