லோக்சவுண்ட் 5: நீண்ட நாள் ஓட்டத்தில் ஒலியும் கட்டுப்பாடும் எங்கே தடுமாறுகின்றன

எச்ஓ அளவு (1:87) மாடல் ரயில் டீசல் லோகோக்களில் இஎஸ்யு நிறுவனத்தின் லோக்சவுண்ட் 5 டிகோடருக்கு நல்ல பெயர் இருக்கிறது. தண்டவாளம் வழியே வரும் டிஜிட்டல் கட்டளையை (டிசிசி) படித்து மோட்டாரையும் விளக்கையும் ஒலியையும் இயக்கும் குட்டிச் சர்க்யூட்தான் டிகோடர். 16 பிட் ஒலி, ஒரே நேரத்தில் 10 சத்தங்கள், மோட்டாருக்கு 1.5 ஆம்பியர். இந்தப் பெயர் நியாயமானதுதான். ஆனால் பல வருடம் ஓட்டினால் கோளாறுகள் வராமல் இருக்காது. அவற்றில் டிகோடரே பழுதான கேஸ் மிகக் குறைவு. சக்கரம், வயர், ஸ்பீக்கர், தப்பான சிவி (டிகோடருக்குள் எண் போட்டுச் சேமிக்கும் அமைப்பு) மதிப்பு, இந்த நாலில் ஒன்றில்தான் பெரும்பாலும் விஷயம் இருக்கும்.

அதிகம் வரும் புகார் இது: பாயிண்ட் (தண்டவாளம் பிரியும் இடம்) மேல் போகும்போது எஞ்சின் சத்தம் அறுந்து, மறுபடி முதலிலிருந்து ஸ்டார்ட் ஆகிறது. ஒலி இல்லாத டிகோடரில் இதே மின்தடை நம் கண்ணில் படாது, ஏனென்றால் ஃப்ளைவீல் லோகோவைத் தள்ளிக்கொண்டு போய்விடும். ஒலி டிகோடரிலோ மின்சாரம் ஒரு நொடிக்கும் குறைவாக விட்டுப் போனாலே பிராசஸர் ரீசெட் ஆகிவிடும், அது உடனே காதில் விழும். மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் வைத்து, ஒவ்வொரு சக்கரத்திலிருந்தும் டிகோடரின் சிவப்பு வயருக்கோ (வலது தண்டவாளம்) கறுப்பு வயருக்கோ (இடது) தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள். எட்டுச் சக்கர பிக்கப் (எட்டுச் சக்கரமும் மின்சாரம் எடுக்கும்) என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும், மீட்டர் வைத்தால் ஆறுதான் வேலை செய்யும். ரப்பர் டயர் மாட்டிய சக்கரத்தைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம்.

சக்கரம் துடைக்க: கிச்சன் டவலை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து தண்டவாளத்தின் குறுக்கே போடுங்கள். ஒரு போகியை (லோகோவின் அடியில் உள்ள சக்கரத் தொகுதி) துணி மேலும் மற்றதை வெறும் தண்டவாளத்திலும் நிறுத்தி, லோகோவைக் கையால் பிடித்துக்கொண்டு ஓட விடுங்கள். கறுப்புக் கோடு வருவது நிற்கும்வரை துணியை நகர்த்தி நகர்த்தித் துடைக்க வேண்டும். உப்புத்தாள் வேண்டாம். அது போடும் கீறல்களில்தான் அடுத்த அழுக்கு குடியேறும்.

சக்கரம் சுத்தமாக இருந்தும் ஒரே இடத்தில் மட்டும் தடுமாறினால் தண்டவாள வயரிங்கைப் பாருங்கள். ஒரு நாணயத்தை இரண்டு தண்டவாளங்களுக்கும் குறுக்கே வைத்தால், லேஅவுட்டின் எந்த மூலையிலும் பூஸ்டர் (தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பெட்டி) உடனே டிரிப் ஆக வேண்டும். ஆகவில்லை என்றால் அங்கே ஃபீடர் (தண்டவாளத்துக்கு மின்சாரம் கொண்டுவரும் வயர்) போதவில்லை என்று அர்த்தம். அதை அப்படியே விட்டுவைத்தால், ஷார்ட் ஆகும் நேரத்தில் முழு மின்னோட்டமும் போகி வழியே ஓடி பிளாஸ்டிக்கை உருக்கிவிடும்.

இதையெல்லாம் சரிசெய்த பிறகுதான், மின்தடையின்போது டிகோடரைத் தாங்கும் பவர்பேக் போன்ற கெப்பாசிட்டர் தொகுப்பு. எவ்வளவு நேரம் தாங்க வேண்டும் என்பதை சிவி113 தீர்மானிக்கும். அழுக்கை மறைக்க கெப்பாசிட்டர் வாங்குவது வீண்செலவு. அதற்கு இன்னொரு பக்க விளைவும் உண்டு. சில தொகுப்புகளை மாட்டினால் புரோகிராமிங் தண்டவாளத்தில் (சிவி படிக்கவும் எழுதவும் ஒதுக்கிய தனித் துண்டு) சிவி படிக்க வராது. டிகோடர் பதில் சொல்வது சுமார் 60 மில்லி ஆம்பியர், 6 மில்லி செகண்ட் துடிப்பால்தான். கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகும் மின்னோட்டத்தில் அந்தத் துடிப்பு கரைந்துவிடும். வழக்கமாக ஓட்டும் மெயின் தண்டவாளத்தில் புரோகிராம் செய்யலாம், இல்லையென்றால் கெப்பாசிட்டரைக் கழற்றிவிட்டுப் படிக்கலாம். டிகோடர் அந்தத் துடிப்பை மோட்டாரை லேசாக உதறித்தான் உண்டாக்குகிறது என்பதால் மோட்டார் வயர் விட்டிருந்தாலும் இதே "பதில் இல்லை" எர்ரர்தான் வரும்.

அடுத்தது கட்டுப்பாடு. லோகோ எந்தக் கட்டளைக்கும் அசையவில்லை என்றால் முதலில் சிவி8 படியுங்கள். இஎஸ்யுவின் அடையாள எண்ணான 151 வந்தால் டிகோடர் உயிரோடு இருக்கிறது. பிறகு சிவி19. எப்போதோ இரட்டை லோகோவாக இணைத்துவிட்டு, அப்போது இதில் எழுதிய எண்ணை அழிக்க மறந்தால் லோகோ தன் சொந்த முகவரியில் (கன்ட்ரோலர் அதை அழைக்கும் எண்) வேகக் கட்டளையை ஏற்காது. விளக்கும் ஹார்னும் மட்டும் வேலை செய்யும். சிவி19இல் 0 எழுதினால் தீர்ந்தது. வேகம் கூட்டக் கூட்ட முன்விளக்கு அணைந்து அணைந்து எரிகிறதா? கன்ட்ரோலர் 28 வேகப் படியிலும் டிகோடர் 14 வேகப் படியிலும் இருக்கின்றன. சிவி29இல் இருக்கும் மதிப்போடு 2ஐக் கூட்டுங்கள்.

ஒரு சின்ன ஷார்ட்டுக்குப் பிறகு லோகோ தானாகவே முழு வேகத்தில் பாய்வது பயமுறுத்தும் கோளாறு. டிகோடர் டிசிசி சிக்னலைத் தவறவிட்டு, தான் சாதாரண டிசி தண்டவாளத்தில் நிற்பதாக நினைத்துக்கொள்கிறது. டிசியில் ஓட்டும் எண்ணமே இல்லாதவர்கள் சிவி29இல் 4ஐக் கழித்துவிட வேண்டும்: 38 என்றால் 34, 6 என்றால் 2. வாங்கிய அன்றே செய்ய வேண்டிய வேலை இது.

கோளாறே இல்லாமல் கோளாறு என்று திருப்பி அனுப்பப்படுபவையும் உண்டு. எஞ்சின் சத்தம் போட்டதும் லோகோ சில நொடிகள் நகராது. ஸ்டார்ட் ஆகும் ஒலி முடிந்த பிறகுதான் மோட்டாருக்கு மின்சாரம் போகும். அதேபோல் வேகத்தைப் பூஜ்யமாக்கியும் நிற்காமல் போனால், எவ்வளவு மெதுவாக வேகம் குறைய வேண்டும் என்று சொல்லும் சிவி4 பெரிய மதிப்பில் இருக்கும்.

மெதுவாகப் போகும்போது திக்கித் திக்கிப் போனால் டிகோடர் மோட்டாரை அளவெடுக்கட்டும். நேரான, மேடு பள்ளம் இல்லாத தண்டவாளத்தில் முன்னால் போதிய இடம் விட்டு, மெயினில் சிவி54இல் 0 எழுதி, கன்ட்ரோலரில் எஃப்1 பட்டனை அழுத்த வேண்டும். லோகோ ஓரிரு நொடி முழு வேகத்தில் பாய்ந்து நிற்கும், மதிப்புகள் தானாகப் பதிவாகும். அப்படியும் சரியாகவில்லை என்றால் மோட்டாரில் பழைய கெப்பாசிட்டர் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். டிகோடர் மோட்டாரின் பேக் இஎம்எஃப்பை (சுழலும் மோட்டாரே உண்டாக்கும் மின்னழுத்தம்) அளப்பதை அது குழப்பும். வெட்டி எடுத்துவிடலாம்.

ஸ்பீக்கர் விஷயத்தில் அவசரப்படக் கூடாது. இந்த டிகோடருக்கு 4 ஓமுக்குக் குறையக் கூடாது. இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரை இணையாக இணைத்தால் 4 ஓம், பிரச்சினை இல்லை. இரண்டு 4 ஓமை அப்படி இணைத்தால் 2 ஓம், ஆம்ப்ளிஃபையர் போய்விடும். பழைய லோக்சவுண்ட் 3.5க்கு 100 ஓம் ஸ்பீக்கர் என்பதால் இரண்டையும் மாற்றி மாட்டிவிடாதீர்கள். பேஸ் இல்லாமல் மெலிந்து கேட்டால் பெரும்பாலும் ஸ்பீக்கர் பெட்டியில் காற்றுக் கசிவு. முன்பக்க அலையும் பின்பக்க அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. விளிம்பைச் சுற்றிப் பசை போட்டு அடையுங்கள். இரட்டை ஸ்பீக்கரில் ஒன்றின் முனைகள் தலைகீழாக இருந்தாலும் இதே மெலிவுதான்.

ஹார்ன் மட்டும் கரகரத்தால் மொத்த ஒலியைக் குறைப்பது தப்பு. மொத்த ஒலி சிவி63இல், 0 முதல் 192 வரை. தனித்தனி ஒலிகளுக்கு சிவி31இல் 16, சிவி32இல் 1 எழுதிவிட்டு சிவி259இலிருந்து தொடங்க வேண்டும். அது முதல் ஒலி ஸ்லாட்டின் அளவு, அடுத்தடுத்தவை எட்டு எட்டு எண் தள்ளி வரும், 128 என்பது முழு அளவு. அமெரிக்க டீசல் கோப்புகளில் எஞ்சின் 259, ஹார்ன் பெரும்பாலும் 275. ஹார்னை 128இலிருந்து 90க்கு இறக்கினாலே கரகரப்பு அடங்கிவிடும். அடங்கவில்லை என்றால் சத்தம் ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை. மூடியையோ கண்ணாடித் துண்டையோ விரலால் அழுத்திப் பாருங்கள், அதிர்வது எது என்று தெரிந்துவிடும்.

குறை என்று சொன்னால், ஒலிக் கோப்பை மாற்ற லோக்புரோகிராமர் என்ற தனிக் கருவி தேவை, அதன் மென்பொருளும் விண்டோஸில்தான் ஓடும். சிவி மாற்ற மட்டும் என்றால் ஜேஎம்ஆர்ஐ என்ற இலவச மென்பொருள் போதும். 11×15 மில்லிமீட்டர் குட்டி ஸ்பீக்கரிலிருந்து நிஜ டீசலின் அடிவயிற்று உறுமலை எதிர்பார்க்கவும் முடியாது.

இவ்வளவுக்கும் மசியாத லோகோவில் சிவி8இல் 8 எழுதி ரீசெட் செய்யுங்கள். ஒலிக் கோப்பு அழியாது, ஆனால் நீங்கள் மாற்றிய சிவிக்கள் எல்லாம் பழைய நிலைக்கும் முகவரி 3க்கும் திரும்பும். அதன் பிறகும் சரியாகவில்லை என்றால் டிகோடரைக் கழற்றி, டிகோடர் டெஸ்டரிலோ நன்றாக ஓடும் இன்னொரு லோகோவிலோ மாட்டிப் பாருங்கள். அங்கே ஒழுங்காக ஓடினால் டிகோடரைத் திருப்பி அனுப்ப வேண்டாம், முதல் லோகோவின் ஆரஞ்சு, சாம்பல் மோட்டார் வயர்களில் ஏதாவது ஃப்ரேமைத் தொடுகிறதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள்.