‘மேட்ச் பண்ணின’ எஃப்இடி ஜோடின்னு 2,640 ரூபாய் போச்சு: 1176 கட்டுறவங்க கவனம்

வீட்டுல 1176 கம்ப்ரஸர் (ரெக்கார்டிங்ல சத்தத்தோட ஏத்த இறக்கத்தை அடக்குற கருவி) கட்டுறவங்க யாராவது அதுல போடுற 2என்5457 எஃப்இடி (ஒரு வகை டிரான்சிஸ்டர்) தேடிக்கிட்டு இருந்தா, இதைப் படிச்சுட்டு ஆர்டர் போடுங்க. முழுசா 2,640 ரூபாய். வயிறு எரியுது. எப்படிப் பார்த்து வாங்கணும்னு கடைசியில சொல்றேன்.

கடை பேரு வேண்டாம். ஆடியோ கிட்டும் உதிரி பாகமும் விக்கிற ஆன்லைன் கடை, வாட்ஸ்அப்லயும் ஆர்டர் எடுக்கிற வகை. ஜோடி 850, மூணு ஜோடி, கூரியர் 90. மூணு கால் வச்ச 2என்5457 தயாரிப்பைப் பெரிய கம்பெனிகள் நிறுத்தியாச்சு, சந்தையில சுத்துறதுல நிறைய மிச்ச ஸ்டாக்தான். அதனால ஒரிஜினலான்னு முதல்லயே கேட்டேன். "சார், ஒவ்வொண்ணையும் நானே அளந்துதான் ஜோடி சேர்க்கிறேன்"னு உடனே பதில். கூடவே ஒரு ஃபோட்டோ: சின்ன ஜிப் கவர், மேல பேனாவால "ஐடிஎஸ்எஸ் 3.1 / 3.1" (எஃப்இடி முழுசாத் திறந்திருக்கிறப்போ ஓடுற கரண்ட், மில்லியாம்ப்ல). அளந்து எழுதின நம்பரைப் பார்த்தா யாருக்குச் சந்தேகம் வரும்? பணம் போயிடுச்சு.

எஃப்இடியை மாட்டிட்டுப் பார்த்தா, போர்டுல +30 வோல்ட் சரி, −10 வோல்ட் சரி. 1 கிலோஹெர்ட்ஸ் டோன் விட்டா வெளிய வர்றது முனகல்தான். இன்புட்லேர்ந்து ஆடியோ புரோப் வச்சுக்கிட்டே வந்தா, 27 கிலோ ஓம் ரெசிஸ்டருக்கு முன்னாடி சிக்னல் தெம்பா இருக்கு, தாண்டினதும் அமுங்கிடுது. அங்கேர்ந்து கிரவுண்டுக்கு இறங்குறதுதான் சத்தத்தைக் குறைக்கிற கெயின் ரிடக்‌ஷன் எஃப்இடி. கம்ப்ரஷன் இல்லாதப்போ கேட்டுல (டிரெயின், சோர்ஸ்ங்கிற மத்த ரெண்டு காலுக்கும் நடுவுல ஓடுற கரண்டைத் திறந்து மூடுற கால்) மைனஸ் வோல்டேஜ் வாங்கி அது மூடிக்கணும். மூடலைன்னா சிக்னல் கிரவுண்டுக்குப் போயிடும். −10 செத்துப்போனாலும் இதே கோளாறுதான், அதனாலதான் முதல்ல சப்ளையைப் பார்க்கிறது. டிரெயின் காலை மட்டும் தூக்கினா சிக்னல் பளிச்னு திரும்பி வருது.

கேட் பேடுல மீட்டர் வச்சு கியூ பயாஸ் டிரிம்மரை (அந்த மைனஸ் வோல்டேஜைச் சரிபண்ற திருகு) திருப்பினா, −0.6ல போய் முட்டிக்கிட்டு நிக்குது. அதுக்கு மேல எவ்வளவு திருப்பினாலும் அசையல. கழட்டி டயோடு மோடுல பார்த்தா நடுக்கால்தான் கேட்! 2என்5457ல தட்டை முகம் நம்மைப் பார்க்க இடமிருந்து டிரெயின், சோர்ஸ், கேட். இது 2என்3819 மாதிரி கேட் நடுவுல வர்ற ஏதோ ஒண்ணு. இதை அந்த போர்டுல மாட்டினா கேட் போய் கிரவுண்டுல உக்காருது, சோர்ஸ் பயாஸ்ல. கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவுல இருக்கிற ஜங்ஷன் நேர்ப்பக்கமா கடத்தி வோல்டேஜை −0.6ல கட்டிப்போட்டுடுது, சேனலும் (டிரெயின், சோர்ஸ் நடுவுல கரண்ட் போற வழி) திறந்தே கிடக்குது. அசிட்டோன் தொட்ட பஞ்சால முகத்தைத் துடைச்சா கறுப்புச் சாயம் பஞ்சுல ஒட்டுது, அடியில பழைய நம்பரை அழிச்ச உப்புத்தாள் கீறல்.

காலை மடக்கி மாத்திப் போடலாமேம்பாங்க. போட்டா சிக்னல் வரும். ஆனா ஒரே ஜோடியில ஒண்ணோட ஐடிஎஸ்எஸ் 4 மில்லியாம்ப், இன்னொண்ணு 11. ரெண்டாவது எஃப்இடி மீட்டர் சர்க்யூட்டுக்குத்தானே? ரெண்டும் ஒத்துப்போகலைன்னா ஊசி காட்டுற கெயின் ரிடக்‌ஷன் பொய்.

இனி கடைக்காரர். முதல்ல "சால்டரிங் சூட்டுல போயிருக்கும் சார்". சூட்டுல கால் வரிசை மாறுமாய்யா? அப்புறம் "ஸ்டாட்டிக்". அப்புறம் "உங்க பிசிபி தப்பு, வேற யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணல". சால்டரே படாத மூணாவது ஜோடியிலயும் நடுக்கால்தான் கேட்னு வீடியோ அனுப்பினதுக்கு, "டெஸ்ட் பண்ணினாலே யூஸ் பண்ணின பார்ட்தான், ரிட்டர்ன் கிடையாது". இப்போ நீல டிக் மட்டும் வருது. 2,640 ரூபாய்!

விவரமா எழுதற பொறுமை இப்போ இல்ல. சால்டர் வைக்கிறதுக்கு முன்னாடி டயோடு மோடுல பாருங்க: சிவப்பு புரோப் கேட்டுல இருந்தா மத்த ரெண்டு காலுக்கும் 0.6, 0.7 காட்டணும், அந்த ரெண்டுக்கும் நடுவுல சில நூறு ஓம் இருக்கணும். அங்க ஓப்பன்னா அது சாதா டிரான்சிஸ்டர். கேட்டையும் சோர்ஸையும் சேர்த்து 9 வோல்ட் பேட்டரி மைனஸ்ல வச்சு, பிளஸ்ஸுக்கும் டிரெயினுக்கும் நடுவுல மில்லியம்மீட்டர் போடுங்க, 1லேர்ந்து 5க்குள்ள வரணும். போர்டுல சாக்கெட் வைங்க. கவர் பிரிக்கிறப்பவே வீடியோ எடுங்க. வாட்ஸ்அப் ஆர்டருக்கு முன்பணம் அனுப்பவே அனுப்பாதீங்க.