மலைநாட்டு ரேஞ்சுல .22 ரைபிள்: எதை மாத்தலாம், எதை விட்டுறலாம்

ரெண்டு மூணு தம்பிமார் ஒரே கேள்விய திரும்பத் திரும்ப கேக்குறாங்க, அண்ணே ஸ்கோப் (குறி பாக்குற தூரக்கண்ணாடி) எது வாங்குறது, பைபாட் (ரைபிள முன்னால தாங்குற ரெண்டு கால்) எது நல்லதுன்னு. அதான் வருஷக்கணக்குல நுவரெலியா, வெலிமடை பக்கத்து குளிர்லயும் மழையிலயும் ஒரே ரைபிள வச்சு சுட்டதுல எனக்கு பட்டத எல்லாம் ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன். நான் சொல்றது பேப்பர் டார்கெட்டுக்கு மட்டும்தான், 50 மீட்டரும் 100 மீட்டரும், .22 (0.22 அங்குல சின்னத் தோட்டா), ஒவ்வொரு வெடிக்கும் கையால இழுத்து லோட் பண்ற போல்ட் ஆக்‌ஷன், லைசன்ஸோட, கிளப் ரேஞ்சுல. நம்ம நாட்டு துவக்குச் சட்டம் 1916லயே வந்தது, லைசன்ஸ வருஷா வருஷம் புதுப்பிக்கணும், அதனால எந்த பார்ட்ஸ் வாங்கணும்னாலும் முதல்ல கிளப்ல கேட்டுட்டு வாங்குங்க.

100 மீட்டர் எல்லாம் ஒரு தூரமான்னு சிலர் கேப்பாங்க. .22க்கு அது பெரிய தூரம்தான். 50 மீட்டருக்கு சீரோ பண்ணி (குறி பாத்த இடத்துலயே குண்டு படுற மாதிரி செட் பண்ணி) வச்ச ரைபிள் 100 மீட்டர்ல ஒரு சாண் அளவுக்கு கீழ போடும், குண்டு கிளம்புறப்பவே செக்கனுக்கு 325 மீட்டர் போலதான் வேகம். பெரிய ரைபிள்ல 300 மீட்டருக்கு மேல படுற பாட்டை எல்லாம் இதுல 100லயே பட்டுறலாம், காத்து, பாரலாக்ஸ் (கண் நகர்ந்தா குறியும் நகர்ற மாதிரி தெரியுறது), கிளிக் (ஸ்கோப் திருகுற ஒவ்வொரு படி) கணக்கு எல்லாம் இங்கயே வந்துரும், செலவும் குறைவு.

இப்ப விஷயத்துக்கு வாரேன். நம்ம ஊர்ல முதல் எதிரி ஈரம். ஸ்கோப்பப் பத்தி யோசிக்கிறதுக்கு முன்னாடி கட்டைய (ரைபிள தாங்குற மரப்பகுதி) பாருங்க. என்னோடது வால்நட் கட்டை. வெயில் காலத்துல ஒரு பேப்பர் துண்ட பேரலுக்கும் (குண்டு போற குழாய்) கட்டைக்கும் நடுவுல விட்டு இழுத்தா நுனியில இருந்து, தோட்டாவ உள்ள தள்ளுற பகுதியான ஆக்‌ஷன் வரைக்கும் தடையில்லாம போகும். மே மாசம் மழை தொடங்கி மூணு நாலு வாரத்துல அதே பேப்பர் நுனியில இருந்து நாலு விரல் தூரத்துல இடது பக்கம் சிக்கி நிக்கும், இழுத்தா கிழியும். கட்டை ஊதி பேரல தொடுது, அவ்வளவுதான், குரூப் (குண்டுகள் கூட்டமா படுற இடம்) வலது பக்கம் மேல ஏறிரும், நாம ஸ்கோப் கெட்டுப்போச்சுன்னு டரட்ட (ஸ்கோப்புல குறிய நகர்த்துற திருகு) திருகிக்கிட்டே இருப்போம். பேரல் போற பள்ளத்த உப்புத்தாள் போட்டு தேச்சு, தேச்ச இடத்துக்கு உள்ளுக்கும் வார்னிஷ் அடிச்சு மூடினேன் (வெளிய பளபளன்னு இருக்கும் ஆனா உள்ள பச்சை மரமாவே விட்டிருப்பாங்க, அதுதான் தண்ணிய குடிக்குது). அப்புறம் ஆக்‌ஷன் ஸ்க்ரூ போற ரெண்டு ஓட்டையிலயும் அலுமினியம் பில்லர் (சின்னக் குழாய்) வச்சு எபாக்ஸி பெடிங் பண்ணினோம் (எபாக்ஸி பசை ஊத்தி ரைபிள் கட்டையில ஆடாம உக்கார வைக்கிறது), கிளப்ல இருக்குற ஒரு பெரியவர் செஞ்சு தந்தார். அதுக்குப் பிறகு மரம் ஊதினாலும் சுருங்கினாலும் ஸ்க்ரூவோட பிடி மாறுறதில்ல. இதுவரைக்கும் நான் செஞ்ச எல்லா வேலையிலயும் அதிகமா பலன் தந்தது இதுதான், செலவு பாத்தா ஒரு நல்ல ஸ்கோப் ரிங் விலை கூட வராது. டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குறோம்னு அளவு காட்டுற ஸ்பேனர்) ஒண்ணு வாங்குங்க, ரைபிள் கம்பெனி புத்தகத்துல போட்டிருக்குற அளவுக்கு மட்டும் இறுக்குங்க, கை பலத்துக்கு இறுக்காதீங்க.

ரெண்டாவது தோட்டா. .22ல இதுதான் பாதி விஷயம்னு நான் சத்தியம் பண்ணுவேன். எலி டெனெக்ஸ், எஸ்கே, சிசிஐ ஸ்டாண்டர்ட்னு எந்த பிராண்ட் கிடைச்சாலும் பெட்டி மேல உள்ள பேர மட்டும் பாக்காம லாட் நம்பரையும் (ஒரே தடவையில செஞ்ச தொகுதியோட நம்பர்) பாருங்க. ஒரே பேர், ஒரே விலை, லாட் மாறினா என் ரைபிள்ல குரூப் ரெட்டிப்பா விரியுறத பாத்திருக்கேன். கிடைக்கிற லாட்ல இருந்து ஒவ்வொரு பெட்டி எடுத்து, அஞ்சு அஞ்சா பல குரூப் போட்டு, பிடிச்ச லாட்ட மொத்தமா எடுத்து வச்சுக்கோங்க. ஒரு பிராண்ட்ல இருந்து இன்னொண்ணுக்கு மாறினா முதல் பத்து இருபது வெடிய கணக்குல எடுக்காதீங்க, பேரலுக்குள்ள பழைய மெழுகு போய் புதுசு படியணும். ஹை வெலோசிட்டி வேணாம், அது சத்தத்த விட வேகமா கிளம்பி வழியில சத்தத்தோட வேகத்துக்கு கீழ இறங்குது, இறங்குற இடத்துல குண்டு ஆட்டம் காணுது. காலையில 5 டிகிரி குளிர்ல சத்தத்தோட வேகமே 334 மீட்டர் போலதான், அதனால நம்ம பக்கம் கொஞ்சம் மெதுவா போற தோட்டாதான் பாதுகாப்பு.

மூணாவது உடம்புக்கு பொருந்துறது. கன்னம் வைக்கிற இடம், பட் (தோள்ல படுற பின்பகுதி) நீளம், ஸ்லிங் (ரைபிள கையோட இறுக்குற பட்டி). இதுக்கு காசே தேவையில்ல, கன்னத்து உயரத்துக்கு நான் முதல்ல ஃபோம் துண்ட டேப் போட்டுதான் சுத்தினேன், உயரம் சரின்னு தெரிஞ்ச பிறகுதான் அட்ஜஸ்ட் பண்ற சீக் பீஸ் போட்டேன். கண்ண மூடிக்கிட்டு ரைபிள தோள்ல வச்சு தலைய சாய்ச்சு அப்படியே கண்ண திறந்தா ஸ்கோப்புக்குள்ள முழு வட்டம் தெரியணும், ஓரத்துல கறுப்பு நிழல் விழுந்தா இன்னும் பொருந்தல. படுத்து சுடுறவங்களுக்கு பைபாட விட நல்ல ஸ்லிங்கும் ஹேண்ட் ஸ்டாப்பும் (முன் கை நகராம தடுக்குற கட்டை) போதும், ஒலிம்பிக் 50 மீட்டர் ரைபிள் போட்டிகள்ல பைபாடுக்கு இடமே இல்ல. பைபாட் நான் லாட் டெஸ்ட் பண்ணவும் சீரோ பாக்கவும் மட்டும் வச்சிருக்கேன், ரைபிளோட பின்பகுதிக்கு கீழ வைக்கிற மணல் பை, டவுன்ல ஒரு தையல்காரர்கிட்ட பழைய ஜீன்ஸ் துணியில தச்சு வாங்கினது, உள்ள காய வச்ச ஆத்து மணல், ரெண்டு பொலித்தீன் பையில கட்டி. அரிசி போடாதீங்க, நம்ம ஊரு ஈரத்துல வண்டு வச்சிரும்.

சரி, எல்லாரும் காத்திருக்குற ஸ்கோப். பவர் 24 வரைக்கும் இருக்கான்னு கேக்காதீங்க, பனிமூட்டம் இறங்கினா 10க்கு மேல வெறும் வெள்ளைதான் தெரியும். நீங்க கேக்க வேண்டியது பாரலாக்ஸ் அட்ஜஸ்ட் பண்ண முடியுமான்னு. பெரிய ரைபிளுக்கு செய்ற ஸ்கோப் நிறைய 100 யார்டுக்கு செட் பண்ணி பூட்டி வருது. 40 மில்லிமீட்டர் லென்ஸ் உள்ள அப்படி ஒரு ஸ்கோப்ப 50 மீட்டர்ல வச்சா, கண் ஓரத்துக்கு போனா குறி 9 மில்லிமீட்டர் வரைக்கும் தள்ளிப் போகலாம். 50 மீட்டர் டார்கெட்ல பத்து புள்ளி தர்ற நடு வட்டத்தோட மொத்த அகலமே 10.4 மில்லிமீட்டர்தான், அப்ப பாருங்க. கடையிலயே சோதிக்கலாம், ஸ்கோப்ப மேசையில அசையாம வச்சு தூரத்துல ஒரு பொருள பாத்து தலைய மட்டும் மேல கீழ ஆட்டுங்க, குறுக்குக் கோடு அந்த பொருள் மேல நகராம நிக்கிற மாதிரி நாப்ப திருப்ப முடியணும்.

அடுத்தது டரட் உண்மை சொல்லுதான்னு பாருங்க. 0.1 மில் (ஒரு கோண அளவு) கிளிக்குன்னா 100 மீட்டர்ல 1 சென்டிமீட்டர். 100 மீட்டர்ல ஒரு பலகையில நேர் கோடு போட்டு 50 சென்டிமீட்டர்ல அடையாளம் வச்சு, போல்ட்ட கழட்டின ரைபிள இறுக்கிப் பிடிச்சு வச்சுட்டு 50 கிளிக் திருப்பினா குறி சரியா அடையாளத்துல போய் நிக்கணும். நான் முதல்ல வாங்கின ஸ்கோப் 47ல நின்னுச்சு. வாங்கின கடையில கொண்டு போய் காட்டினா எல்லாம் அப்படித்தான் இருக்கும்னு சொல்லிட்டாங்க, எனக்கு அது பெரிய ஆத்திரம், ஏன்னா கஷ்டப்பட்டு சேத்த காசு. இப்ப இருக்குறது பவர் குறைவு, கண்ணாடியும் அவ்வளவு பளிச்சுன்னு இல்ல, ஆனா 50 திருப்பினா 50 போகுது, திரும்பி வந்தா சீரோவுல நிக்குது, அது போதும். ரெட்டிக்கிள் (ஸ்கோப்புக்குள்ள தெரியுற குறுக்குக் கோடு) மில்லுல இருந்தா டரட்டும் மில்லுல இருக்கணும், ஒண்ணு மில் ஒண்ணு எம்ஓஏன்னு (அது வேற கோண அளவு) கலந்து வாங்கினா ரேஞ்சுல உக்காந்து கணக்கு போட்டுக்கிட்டே இருக்கணும்.

ஃபோம் வச்ச கேஸ்ல ரைபிள விட்டுட்டு தூங்கப் போகாதீங்க. ஃபோம் ஈரத்த குடிச்சு வச்சுக்கிட்டு பேரல் மேல துரு பிடிக்க வச்சிரும். சுட்டு வந்த அன்னைக்கே துடைச்சு லேசா எண்ணெய் தடவி, வெளிய எடுத்து பூட்டுற அலுமாரியில வைக்கணும். ஸ்கோப்ப கழட்டாம வச்சா அலுமாரிக்குள்ள சிலிக்கா ஜெல் கட்டாயம், லென்ஸுக்குள்ள பூஞ்சணம் சிலந்தி வலை மாதிரி ஒரு தடவை படர்ந்துட்டா பிறகு சுத்தம் பண்றது லேசுப்பட்ட வேலையில்ல.

காத்து மீட்டர் வாங்கலாமான்னா, வாங்கலாம், ஆனா அது நீங்க நிக்கிற இடத்து காத்த மட்டும்தான் சொல்லும். மணிக்கு 16 கிலோமீட்டர் குறுக்குக் காத்து 50 மீட்டர்ல குண்ட இரண்டரை சென்டிமீட்டர் போல தள்ளும், அதாவது பத்துல இருந்து ஏழு எட்டுக்கு போயிரும். நம்ம மலையில காலையில காத்து சரிவுல இருந்து கீழ இறங்கும், வெயில் ஏறினா பள்ளத்துல இருந்து மேல ஏறும், ஜூலை ஆகஸ்ட்ல வெலிமடை பக்கம் அடிக்கிற காத்துக்கு நேரம் காலமே இல்ல. நான் பழைய நைலக்ஸ் சேலைய ஒரு விரல் அகலத்துக்கு கிழிச்சு 15 மீட்டர்லயும் 35 மீட்டர்லயும் கம்புல கட்டியிருக்கேன், மீட்டர விட அதத்தான் நம்புறேன். கிட்ட இருக்குற துணியத்தான் அதிகமா பாருங்க, ஆரம்பத்துல தள்ளினது கடைசி வரைக்கும் வளரும்.

ட்ரிகர் பத்தி கேக்குறவங்களுக்கு, கம்பெனி கொடுத்த ஸ்க்ரூவுல எவ்வளவு குறைக்க விட்டிருக்காங்களோ அதோட நிறுத்துங்க. உள்ள இருக்குற சியர (சுடுற பின்ன பிடிச்சு வச்சிருக்குற கொக்கி) அரம் போட்டு தேய்க்க ஒருத்தரையும் விடாதீங்க. குறைச்ச பிறகு தோட்டா இல்லாம காக் பண்ணி, கட்டைய பக்கவாட்டுல ரப்பர் சுத்தியலால தட்டிப் பாத்து, சுடுற பின் தானா விழாதுன்னு உறுதியான பிறகுதான் ரேஞ்சுக்கு கொண்டு போகணும், எங்க கிளப்ல இத ரேஞ்ச் ஆபீசர் முன்னால செஞ்சு காட்டாம ஒரு தோட்டா கூட தர மாட்டாங்க.